குழிக்கு மேல் நின்ற வண்டி

இன்ஜின் சூடாக இருந்தது.

பானெட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்ததும் மெக்கானிக் வழக்கம்போல முதலில் உள்ளங்கையைத்தான் வைத்தார். வைத்த வேகத்திலேயே எடுத்தார். ஆறு மாதமாக வண்டியை வெளியே எடுக்கவே இல்லை என்று வண்டிக்காரர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரேடியேட்டருக்குக் கீழே அப்பியிருந்த சேறு இன்னும் முழுதாகக் காயாமல் ஓரங்களில் மட்டும் வெளுத்திருந்தது.

“காலையில ஓட்டினீங்களா?”

“இல்லைங்களே,” என்றார் வண்டிக்காரர்.

சூடாக்கி வைத்துக் காட்டுவது பழைய வண்டி விற்பவர்கள் எல்லோரும் செய்கிற தந்திரம்தான். ஆறிக் கிடக்கும் இன்ஜின் முதல் திருகலில் இருமும், புகை கக்கும், உள்ளே இருக்கிற வியாதியையெல்லாம் தானே சொல்லிவிடும். அதனால் ஆள் வருவதற்குள் கொஞ்ச தூரம் ஓட்டி வைத்துவிடுவார்கள். முப்பது வருடத்தில் இப்படி எத்தனையோ பேரை அவர் பிடித்திருக்கிறார். பிடிபட்டவர்கள் அசடு வழிவார்கள், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். இந்த மனிதர் இரண்டும் செய்யவில்லை. மெக்கானிக்கின் உள்ளங்கையில் சிவந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, “சுட்டுடுச்சா?” என்று கேட்டார், குழந்தையிடம் கேட்பதுபோல.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார் மெக்கானிக்.

மூடிப்போன ஒர்க்‌ஷாப் அது. நகரம் முடிந்து, வீடுகளும் முடிந்து, கடைசி பெட்ரோல் பங்கும் பின்னால் போன பிறகு வரும் மண் பாதையின் கோடியில் இருந்தது. உயரமான தகரக் கூரை, கரி பிடித்த சுவர், உத்திரத்தில் இன்ஜின் தூக்கும் செயின் பிளாக் ஒன்று. தரையின் நடுவே ஆளுயரக் குழி. அதன்மேல் நீளவாக்கில், முகத்தை வாசல் கேட்டின் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது பிக்கப். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. வெள்ளை அடித்து, அதன்மேல் இன்னொரு வெள்ளை அடித்திருந்தார்கள். மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் வானம் திரண்டுகொண்டு வந்ததில் உள்ளே விளக்கு போடவேண்டியிருந்தது.

“மச்சான், உங்க தங்கச்சியை எனக்குக் குடுக்கும்போது இதுல பாதி நேரம்கூட என்னைச் சோதிச்சுப் பார்க்கலையே நீங்க,” என்றான் தங்கையின் கணவன், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் நீள அகலத்தைக் கையால் சாண் போட்டுக்கொண்டே.

“அதுக்குத்தான் மாப்ளே இப்ப அனுபவிக்கிறேன்.”

அவன் சிரித்தான். தச்சு வேலைக்காரன். செருப்பு வாரிலும் காதோர முடியிலும் எப்போதும் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் மேசையும் செய்துகொடுக்கும் வேலை, ஆறு வருடம் அலைந்ததற்கு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் வண்டி வேண்டும். வாடகை வண்டிக்காரன் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டான். தங்கை காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள். “அண்ணா, அவர் வாங்கியே தீரணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பறார். நீ பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

அதனால் மெக்கானிக் அவசரப்படவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பெல்ட்டை அழுத்தினார். பானெட்டை இறக்கி மூடிவிட்டு ஸ்டீயரிங்கை ஆட்டினார். இவ்வளவு ஓடிய வண்டிக்கு இன்ஜின் நன்றாகவே இருந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்ததுபோல. பிறகு இடதுபக்கக் கதவைத் திறந்து பயணி சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். திறக்கக் கை கொண்டுபோனபோது பிடி இல்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடியும் இல்லை. இரண்டும் உடையவில்லை, ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து, ஓட்டையில் மெழுகு வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தது.

கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் பலகையில் கீறல்கள். நாலு கோடுகள் சேர்ந்தாற்போல, ஐந்தாவது கொஞ்சம் தள்ளி. அதற்குக் கீழே மறுபடியும் நாலு.

வண்டிக்காரர் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். கிளார்க்கு முகம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கை மட்டும் அந்த முகத்துக்குச் சொந்தமில்லாததுபோல, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே பருமனாக இறங்கியது.

“நாய் வளர்த்தீங்களா?” என்று மெக்கானிக் கீறலைக் காட்டிக் கேட்டார்.

வண்டிக்காரர் கீறலை விரலால் தடவினார். “ஆமாங்க. சும்மா உக்காரத் தெரியாது அதுங்களுக்கு.”

மழை ஆரம்பித்தது. முதலில் தகரத்தின் மேல் யாரோ கைப்பிடிக் கல்லை எறிந்ததுபோல நாலைந்து துளி. பிறகு மூச்சு விடாமல் கொட்டி, கூரை முழுக்க ஒரே இரைச்சலாகி, மூவரும் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றானது. மண் வாசனை உள்ளே வரவில்லை. உள்ளே வேறு வாசனை இருந்தது, இவ்வளவு நேரம் மூக்கு அதற்குப் பழகியிருந்தது, ஈரக்காற்று பட்டதும்தான் தனியாகப் பிரிந்து தெரிந்தது: ஆஸ்பத்திரி வராந்தா கழுவிவிட்ட பிறகு வருமே, அந்தப் பிளீச்சிங் பவுடர் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று.

“கீழே பார்த்துடறேன் மாப்ளே. அதோட முடிஞ்சுது,” என்று மெக்கானிக் சட்டையைக் கழற்றினார். பையில் போன் கனத்தது. சட்டையைச் சுருட்டி டிரைவர் சீட்டில் போட்டுவிட்டு, பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, டார்ச்சோடு வண்டியின் முன்பக்கம் இருந்த படியில் இறங்கினார்.

குழிக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மேலே வண்டியின் வயிறு. டார்ச் வெளிச்சத்தில் சேஸிஸ் நேராக ஓடியது. விபத்தில் வளைந்து நிமிர்த்திய அடையாளம் எதுவும் இல்லை. கியர் பாக்ஸில் கசிவு இல்லை. தலையைக் குனிந்துகொண்டே பின்பக்கம் நகர்ந்தார். தொட்டியின் அடித்தகட்டில் ஓட்டைகள் போட்டிருந்தது. கம்பெனி போட்டதல்ல, கையால் டிரில் வைத்துப் போட்டது, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு, வரிசையாகப் பன்னிரண்டு. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் இரும்பு செதில் செதிலாக உரிந்து தொங்கியது. உப்பு தின்ற இரும்பு. மீன் ஏற்றிய வண்டிகளில் பார்த்திருக்கிறார். ஆனால் மீன் வண்டி பத்து வருடம் கழித்தும் மீனாகத்தான் நாறும்.

கழுவிவிடப் போட்ட ஓட்டை. கழுவிய தண்ணீர் நேராகக் குழிக்குள் விழும்படி.

அவர் காலடியில் பார்த்தார். குழியின் தரையில் சாக்கடை வாய் ஒன்று, இரும்புச் சல்லடை போட்டு மூடியிருந்தது. சல்லடையில் சுருண்டு மாட்டிக்கொண்டிருந்தது முடியாகத்தான் இருக்கவேண்டும்.

டார்ச்சை வேகமாகத் திருப்பினார். பக்கச் சுவரில் ஒரு மாடம். அதில் ஸ்பானர்கள், பிளையர்கள், ஒரு சுத்தியல். ஒரே ஆளின் சாமான் இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. தொழில்காரர்கள் தங்கள் சாமானில் அடையாளம் வைப்பார்கள், இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது. அவரே தன் ஸ்பானரில் மூன்று கோடு அராவியிருக்கிறார். இங்கே ஒன்றில் சிவப்புப் பெயிண்ட். ஒன்றில் நீல நூல் சுற்றியிருந்தது. ஒன்றில் ஓர் எழுத்து குத்தியிருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. கடைசியில், ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர். கைப்பிடியில் மஞ்சள் ஒயர் நெருக்கமாகச் சுற்றி, பிடியின் முனையைக் காதில் வைக்கத் தோதாக மழுங்கத் தேய்த்தது.

அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

டாக்டருடையது. இதை இன்ஜின் மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எந்த வால்வு சரியில்லை என்று சொல்லுவான், அதனால் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒருத்தருக்காகப் பழைய வண்டி ஒன்று பார்த்துச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பியவன் திரும்பவில்லை. அவன் மனைவி போட்டோவை வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கினாள். அவள் தலை மறைந்ததும், ‘எவளையாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பான்’ என்று எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார்.

மாடத்தில் இருந்தவற்றை எண்ணினார். பதினொன்று.

“மாப்ளே!”

தகரக் கூரை அந்தக் குரலை விழுங்கியது.

“மாப்ளே! வெளியே போ! ரோட்டுக்கு ஓடு!”

பின்சக்கரங்களுக்கு நடுவே குழியின் விளிம்பு வழியாகத் தரை தெரிந்தது. தரையில் கால்கள். மரத்தூள் ஒட்டிய செருப்புக் கால்கள் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தன. குதிகால் தூக்கி எட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மழை இரைச்சலுக்கு நடுவே வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. “... கயிறு கட்ட வளையம்...” “உள்ள பாருங்க, இருக்கு...”

வேறு இரண்டு கால்கள் நடந்து வந்தன. வண்டிக்காரர் முதலில் சாதாரண ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். இப்போது முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். கறுப்பு ரப்பர் பூட்ஸ். கறிக்கடையில் தரை கழுவும்போது போடுவார்களே, அது.

மெக்கானிக் மறுபடியும் கத்தினார். செருப்புக் கால்கள் திரும்பின. கேட்டுவிட்டது. “மச்சான், கூப்பிட்டீங்களா?” என்று அவன் குனிய ஆரம்பித்தான்.

ஒரு சத்தம். ஈரமூட்டையைத் தரையில் போட்டதுபோல.

முழங்கால்கள் சிமெண்டில் இடித்தன. பிறகு இரண்டு உள்ளங்கைகள். பிறகு முகம். கன்னம் தரையில் பட, சக்கரங்களுக்கு நடுவே, தங்கையின் கணவன் மெக்கானிக்கை நேராகப் பார்த்தான். நெற்றி ஒருபக்கம் உள்ளே போயிருந்தது. கண்ணுக்கு அவரைத் தெரிந்தது. உதடு கூடி, ‘மச்’ என்றது. மேலே வரவில்லை.

செயின் கலகலவென்று இறங்கியது. கொக்கி தரையைத் தட்டியது. பருமனான ஒரு கை வந்து கொக்கியை எடுத்தது. அவசரமே இல்லை. மோவாய்க்கு அடியில் அதை வைத்துச் சரிபார்த்தது.

செயின் இழுபட்டது.

முகம் மேலே போனது. மார்பு போனது. முழங்கால்கள் தரையை விட்டன. கால்விரல்கள் சிமெண்டைப் பிராண்டின. ஒரு செருப்பு கழன்றது. விரல்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வந்தது. இரண்டு சாண். கால்கள் காற்றில் ஓடின. அவ்வளவு வேகமாக, எங்கேயோ போய்ச் சேரவேண்டியதுபோல ஓடின.

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். ஏன் அணைத்தார் என்று தெரியவில்லை. கை அணைத்தது.

தலைக்கு மேல் பட்டை ஸ்பிரிங் முனகிக்கொண்டு இறங்கியது. தொட்டியில் பாரம் விழுந்தது. அறுபத்தைந்து கிலோ, என்று மனது தானாகக் கணக்குச் சொன்னது. முப்பது வருடப் பழக்கம். மறுபடி இறங்கியது. இப்போது ஏறியது இன்னொரு ஆள். தகட்டில் குதிகால்கள் தடதடவென்று அடித்தன. உயிர் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. ஏறு. போ. ஏதாவது செய். உடம்பு அசையவில்லை.

ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி எழுந்தது. கூடவே அடி.

மறுபடி.

மறுபடி.

குதிகால்கள் நின்றன.

பன்னிரண்டு ஓட்டைகளில் ஒன்றிலிருந்து சொட்டியது. தோளில் விழுந்தது. வெதுவெதுப்பாக. பிறகு இன்னொரு ஓட்டை. பிறகு எல்லாவற்றிலும். சல்லடைக்குள் சின்னதாகக் களகளவென்று சத்தம் கேட்டது. மெக்கானிக் இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார்.

பூட்ஸ்கள் இறங்கின. வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தன. ஒவ்வொரு அடிக்கும் ஈரமாக ஒட்டிப் பிரிந்தன. முன்பக்கம் வந்தன. படிக்கு மேலே நின்றன.

“அண்ணே,” என்றது அந்த மெதுவான குரல். “எல்லாம் பார்த்தாச்சா?”

மெக்கானிக் மாடத்தைத் தடவினார்.

“வெளிச்சம் பத்தலைன்னா சொல்லுங்க. லைட்டு கொண்டு வர்றேன்.”

மஞ்சள் ஒயர் விரல்களில் தட்டுப்பட்டது.

ஒரு பூட்ஸ் முதல் படியில் வந்தது. அடுத்தது இரண்டாவது படியில். கூடவே நீளப் பிடி போட்ட சம்மட்டியின் தலை, படியில் டங் டங்கென்று இடித்துக்கொண்டு. அதில் காதோர முடி ஒட்டியிருந்தது. முடியில் மரத்தூள்.

அதைப் பார்த்த பிறகுதான் உடம்பு அசைந்தது.

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, பூட்ஸின் பின்பக்கம், குதிகாலுக்கு மேலே, முழுப் பலத்தோடு குத்தினார். ரப்பர் கிழிந்தது. அப்புறம் கயிறு அறுபடுவதுபோல உள்ளே ஒன்று அறுந்தது. வண்டிக்காரர் கத்தவில்லை. சூடான டம்ளரைத் தொட்டவர்போல “ஸ்ஸ்” என்றார். படியில் சரிந்தார். மெக்கானிக் அவர்மேல் ஏறினார். வயிற்றில் கால் வைத்து, தோளில் கால் வைத்து. கணுக்காலை ஒரு கை பிடித்தது. இரும்புப் பிடி. குனிந்து முகத்தில் உதைத்தார். மூக்கு நொறுங்கியது குதிகாலில் தெரிந்தது. மறுபடி உதைத்தார். பிடி விட்டது.

டிரைவர் கதவு திறந்தது. சாவி தொங்கியது. சூடான இன்ஜின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது.

பிக்கப் குழியைத் தாண்டிப் பாய்ந்து கேட்டில் மோதியது. பூட்டுப் போட்ட சங்கிலி விறைத்தது, அறவில்லை. எப்போது பூட்டினான்? ரிவர்ஸ் போட்டார். வேகமாகப் பின்னால் வந்தார். பின்னால் ஏதோ இடித்தது, மெத்தென்று இடித்தது. செத்துப் போ. சாவு. வாய்விட்டுத்தான் சொன்னார். பட்டை ஸ்பிரிங் ஒருமுறை முனகி அமுங்கியது, அப்போது அவருக்கு உறைக்கவில்லை. மறுபடி முன்னால். இந்த முறை கேட்டின் ஒரு கதவு கீலோடு பிய்ந்து பானெட்டின் மேல் உருண்டு விழுந்தது. மண் பாதை. மழை. கண்ணாடி துடைப்பான்களில் ஒன்றுதான் வேலை செய்தது.

“மாப்ளே, கெட்டியா பிடிச்சுக்க. ஆஸ்பத்திரி பக்கத்துலதான்.” யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் சொன்னார். “கண்ணை மூடாத மாப்ளே. பேசிக்கிட்டே இரு. ரெண்டு பொண்ணு இருக்கு உனக்கு.”

பெட்ரோல் பங்கின் விளக்கு தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது.

தொடைக்கு அடியில் கிடந்த சட்டை அதிர்ந்தது. கையில் ஒட்டிய ரத்தத்தில் போன் வழுக்கியது. தங்கை. எடுக்கக்கூடாது என்று நினைத்தார். விரல் எடுத்துவிட்டது. ஸ்பீக்கரில் அவள் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

“அண்ணா! என்ன, ஒரு தகவலும் இல்ல? வண்டி எப்படி இருக்கு? நல்லா இருக்கா?”

மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

அப்போது தலைக்குப் பின்னால் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். டொக். டொக். டொக்.

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். எழுந்து உட்கார்ந்து தட்டுகிறான். கண்ணில் தண்ணீர் பொங்கியது. “மாப்ளே!” என்று கத்தினார்.

“யாரு தட்டுறது? அவரா?” என்றாள் தங்கை. “பின்னாடி ஏறிட்டாரா அதுக்குள்ள? சின்னப் பிள்ளை மாதிரி! அவர்கிட்ட குடு அண்ணா.”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கையின் கணவனின் முகம் இருந்தது. பாதி முகம். மோவாய் கீழே கழன்று மார்பில் தொங்க, மழை திறந்த வாய்க்குள் நேராக விழுந்து நிரம்பி வழிந்தது. அவன் தோளுக்கு மேலே இன்னொரு முகம், மூக்கு இருந்த இடத்தில் சிவப்புக் குழம்போடு, படிய வாரிய முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, அமைதியாக மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பருமனான ஒரு கை இறந்தவனின் இடுப்பைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்திருந்தது. இன்னொரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தி, அந்தத் தச்சனின் விரல்களை மெல்ல மடக்கி, கண்ணாடியில் மறுபடியும் தட்டியது.

டொக். டொக். டொக்.